பஞ்சு சோசியம்

“பஞ்சை எதுக்குங்க தாத்தா கீழ போடறீங்க?” என்று கேட்டாள் செல்வி.

“பஞ்சு சத்தம் போடாதில்ல கண்ணு, அதுக்குத்தான்” என்றார் சென்றாயன். எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மருந்துப் பஞ்சைக் கிள்ளி உருட்டி, ஒவ்வொரு ஸ்பேனியல் நாய்க்குட்டியின் முகத்துக்கு முன்னாலும் விழவிட்டுக் கொண்டிருந்தார்.

எந்தக் குட்டியை எடுப்பாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தார் செல்வியின் அப்பா கோவிந்தராஜ். ஏற்காடு பஜாரில் லாட்ஜ் நடத்துகிறவர் அவர். அவருடைய ரோஸிக்கு ஜோடி சேர்த்தது சென்றாயனின் பிரின்ஸை. அதற்குக் கூலியாக, ஆண் நாயின் சொந்தக்காரர் தனக்குப் பிடித்த ஒரு குட்டியை முதலில் எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மார்பில் வெள்ளை விழுந்த கொழுத்த குட்டியைத் தருவதாகக் கோவிந்தராஜ் சேலத்துத் தியேட்டர்காரருக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்தக் குட்டி பஞ்சைத் துரத்திப் போய்க் கவ்வியது.

“அது நொம்பக் கடிக்குமுங்க” என்றார் கோவிந்தராஜ் அவசரமாக.

“கடிக்கட்டுங்க. பல்லு இருக்குதில்ல.”

“வயிறு வேற சரியில்லீங்க. தீனியே எடுக்கறதில்ல.”

“காலைல ரெண்டு முட்டை தின்னுச்சேப்பா!” என்றாள் செல்வி. கோவிந்தராஜ் மகளை முறைத்தார்.

கடைசிக் குட்டி மட்டும் மூக்குக்கு முன்னால் பஞ்சு விழுந்தும் அசையவில்லை. சென்றாயன் இன்னொரு உருண்டையைப் போட்டார். அதையும் அது சட்டை செய்யவில்லை. மெல்லத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

“இதை எடுத்துக்கறனுங்க.”

‘அது சோம்பேறிங்க’ என்று நாக்கு நுனி வரை வந்ததைக் கோவிந்தராஜ் விழுங்கினார்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கறனுங்க. மத்த குட்டிகளை ஆசைக்கு வளர்க்கக் குடுங்க. ஜோடி மட்டும் சேர்க்க வேண்டாம்னு சொல்லிக் குடுங்க. ரோஸிக்கும் இதோட போதும். பிரின்ஸையும் நான் நிறுத்திட்டனுங்க. ஏன்னா...”

“ஏன் எதுக்குன்னெல்லாம் சொல்லோணுமாங்க? சேர்வராயன் சாமி மேல சத்தியமுங்க!” என்ற கோவிந்தராஜ், குடையை அவர் கையில் திணித்து வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சென்றாயனின் ஜீப் தெருமுனையில் திரும்பியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பஞ்சு சோசியம் பாத்து, இருக்கறதுலயே மட்டமானதை எடுத்துட்டுப் போறாரு பாரு சாமி!”

“சத்தியம் பண்ணியிருக்கறீங்கப்பா, மறந்துராதீங்க” என்றாள் செல்வி. சிரிப்பு பாதியில் நின்றது.

மஞ்சக்குட்டையில் தான் தனியாக இருக்கும் வீட்டுக்கு வந்து, சென்றாயன் குட்டியைக் கீழே இறக்கிவிட்டார். காலடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த பிரின்ஸ், வழக்கம்போல வாசல் தூணில் முட்டிக்கொண்டு நின்றது. பிறகு காற்றை மோந்து மோந்து குட்டியிடம் வந்து சேர்ந்தது.

சென்றாயன் குனிந்து குட்டியின் தலையைத் தடவினார்.

“உங்கப்பன் குடுத்த குருடுடா கண்ணு, நாந்தான் பாத்துக்கோணும்.”