நூற்றில் இருபது

"கதவைச் சாத்திடட்டுமா, சிஸ்டர்?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திராமல் சாத்தினாள். துணிக்கடையில் பில் போடுகிறவள், வயது இருபத்தேழு என்று சீட்டில் இருந்தது. தலை வாரி இரண்டு நாளாவது ஆகியிருக்கும்.

குடும்பநல அறையில் பதினாறு வருடமாக உட்கார்ந்திருக்கும் செவிலியருக்கு இப்படிப்பட்ட முகங்கள் புதிதல்ல. கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். ஆகி ஒன்றரை வருடம் என்றாள். வீடு நிறைய ஆட்கள், மருந்துக்கடை வரை போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், மாமியார் காதுக்கு இது போகக் கூடாது என்றாள்.

நான்கு நாளைக்கு முன் நடந்ததாம். உறை எதுவும் போடவில்லை. கடைசி நேரத்தில் அவர் விலகிக்கொண்டாராம். கல்யாணமானதிலிருந்தே அப்படித்தானாம். லிப்ட் மெக்கானிக்கான அவருக்கு, தனி வீடு பார்த்த பிறகுதான் குழந்தை என்று ஒரு பிடிவாதம்.

"விலகிட்டா தங்கவே தங்காதுன்னு அடிச்சுச் சொல்வாரு. நிஜமா, சிஸ்டர்?"

செவிலியர் பேனாவை மூடி வைத்தார். விலகுவதற்கு முன்பே கசிகிற நீரிலும் உயிரணு இருக்கலாம், ஒரு நொடி பிந்தினாலும் போதும் என்று பொறுமையாக விளக்கினார். இதை மட்டும் நம்பியிருக்கும் நூறு பெண்களில் இருபது பேருக்காவது ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடுகிறது என்றார்.

"இருபது பேருக்கா?"

மேசை விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டாள். பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று செவிலியருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அவளுடைய கடைசி மாதவிலக்கின் தேதியைக் கேட்டுக் காலண்டரில் விரல் வைத்து எண்ணினார். விரல் சரியாக நடு நாளில் போய் நின்றது.

"எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, சிஸ்டர்."

"தங்குறதுக்கு ஏத்த நாள்தாம்மா. ஆனா ஒரே ஒரு தடவைதானே? தங்காமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

தேற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னார். அவளோ துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள்.

வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்து வா, நான் பேசிப் புரியவைக்கிறேன் என்றார் செவிலியர். அவர் வரமாட்டார் என்று தலையசைத்தாள். இந்த ஆண்களே இப்படித்தான் என்று செவிலியருக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது.

அலமாரியைத் திறந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து, தண்ணீர் டம்ளரோடு அவள் முன் வைத்தார். முதல் நாளே வந்திருந்தால் இன்னும் நல்லது, ஆனாலும் இந்த மாத்திரை ஐந்து நாள் வரை கேட்கும், மூன்று வாரம் கழித்துச் சோதித்தால் தெளிவாகத் தெரிந்துவிடும் என்றார்.

"பயப்படாதே. இப்பவே போட்டுட்டா அநேகமா தங்காது."

அவள் சட்டென்று நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். இரண்டு கையாலும் அடிவயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

"தங்கணும், சிஸ்டர். அவர் செத்து இன்னையோட மூணு நாளாச்சு."