மதியம் ஒரு மணிப் பாடம்

மேசைமேல் விரித்து வைத்த பாடத் திட்டத்தைப் பார்த்துவிட்டு, கரப்பான் மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்திருந்த மாணவிக்கு நரம்பறிவியல் பட்டப்படிப்பில் முதல் வருடம் முடிந்துவிட்டது. இனி வரும் வருடங்களில் எந்தப் பாடத்தை எப்போது எடுப்பது என்று மாணவர்களே திட்டம் போட்டு, துறை ஆலோசகரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவளுக்கு வாய்த்த ஆலோசகர் இவர். கரப்பான்பூச்சியின் நரம்புகளை ஆராய்ச்சி செய்பவர் என்பதால் மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் அது. முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது. அவர் சிரித்துப் பார்த்தவர்களும் கிடையாது.

"ஏம்மா, இதுல நீ எப்ப சாப்பிடுவ?" என்றார் மேடம்.

அவளுக்குப் பகீரென்றது.

ராப்பகலாக உட்கார்ந்து போட்ட திட்டம். மற்றவர்கள் எல்லாம் வேதியியலை எங்கே வைப்பது, புள்ளியியலை எங்கே தள்ளுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பார்த்தது ஒன்றே ஒன்றுதான். எந்த நாளிலும் மதியம் ஒரு மணி காலியாக இருக்கக் கூடாது.

ஒரு மணிக்குக் கல்லூரியே கேன்டீனில் இருக்கும். முதல் வாரத்தில் ஒரு நாள் தட்டும் கையுமாக, எந்த மேசையில் இடம் கேட்பது என்று தெரியாமல் நின்றாள். ஒரு மேசையில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அவள் கிட்டே போகவும், அங்கே இருந்தவள் தன் பையை எடுத்து அதன்மேல் வைத்தாள். அவ்வளவுதான். யாரும் ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை.

அதற்கப்புறம் அவள் கேன்டீன் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வருடம் முழுக்க மாடிப்படிக்கு அடியில், துடைப்பமும் வாளியும் வைக்கிற மூலையில் நின்றபடியே சாப்பிட்டாள். சாப்பிட்டாளாவது, விழுங்கினாள்.

வீட்டுக்கு ஒன்றும் தெரியாது. இன்று யாரோடு சாப்பிட்டாய் என்று அம்மா தினமும் போனில் கேட்பாள். தோழிகளோடுதான் என்பாள் இவள். அம்மா லேசில் விடுகிற ஆளா? அவர்கள் எந்த ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று துருவித் துருவி, கடைசியில் இல்லாத தோழியின் இல்லாத அக்காவுக்குக் கல்யாணமே செய்துவைக்க வேண்டியதாகிவிட்டது. அந்தக் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டு போ என்று அம்மா புதுத் துணி வேறு எடுத்து அனுப்பினாள். அது பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிறது.

"எனக்கு அவ்வளவா பசிக்காது மேடம்" என்றாள்.

மேடம் சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு சிவப்புப் பேனாவை எடுத்தார். ஒரு மணிப் பாடங்களாகப் பார்த்து அடிக்க ஆரம்பித்தார். தூக்கத்தின் உயிரியல், அது கடைசி வருடத்துக்காரர்களுக்கு. வலியும் மருந்தும், அதற்கு முன்னால் வேதியியல் முடித்திருக்க வேண்டும். மூளையும் மொழியும், அதை நடத்தியவர் வேலையை விட்டே போய்விட்டார்.

அவர் அடிக்க அடிக்க, இவள் மூக்கில் மாடிப்படி மூலையின் பினாயில் வாடை ஏறியது.

மிஞ்சியது ஒன்றே ஒன்று. பூச்சிகளின் நரம்பு மண்டலம். வாரம் முழுக்க ஒரு மணிக்கு, பழைய கட்டடத்தின் கோடி அறையில். நடத்துபவர் சாட்சாத் கரப்பான் மேடமேதான்.

பேனா அங்கே வந்து நின்றுவிட்டது.

"இது வேணாம்மா. இதுல இதுவரைக்கும் ஒருத்தரும் சேர்ந்ததில்ல."

அதுதான் ஊருக்கே தெரியுமே. சோற்று வேளையில் பூச்சியைப் பற்றிக் கேட்க யார் வருவார்கள்? நேரத்தை மாற்றினால் நாலு பேராவது சேருவார்கள் என்று அலுவலகத்தில் வருடா வருடம் சொல்லிப் பார்க்கிறார்களாம். ஒரு மணிதான் வேண்டும், அந்த அறைதான் வேண்டும் என்று மேடம் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். எல்லாம் தலைக்கனம் என்று அலுவலக எழுத்தர் சொல்லிச் சிரித்தபோது அவளும் சேர்ந்து சிரித்திருந்தாள்.

இப்போது அந்தத் தலைக்கனத்திடம்தான் கெஞ்ச வேண்டியிருந்தது.

"நான் ஒருத்தி மட்டும் வந்தா நடத்த மாட்டீங்களா மேடம்? மத்தது எதை வேணாலும் அடிச்சிடுங்க. அந்த ஒரு மணி மட்டும் எனக்கு வேணும்."

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவளுக்கு வெட்கமாகப் போயிற்று.

எதிர் அறையில் ஆசிரியர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் போலிருக்கிறது. நாற்காலிகளை இழுக்கும் சத்தமும், யாரோ சொன்ன ஏதோ ஒன்றுக்கு எல்லாரும் சிரிக்கும் சத்தமும் கேட்டன. மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

திட்டத்தை மறுபடி எடுத்தார். ஒவ்வொரு நாளிலும் நெருக்கி நிரப்பியிருந்த அந்த ஒரு மணிக் கட்டங்களை மட்டும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். முகம் வாடியிருந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு மாணவி கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியவர், கையில் இருப்பதை யாரோ பிடுங்க வந்த மாதிரி ஏன் பார்க்கிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை.

மேடம் கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். மேசை ஓரத்தில் இருந்த தன் சாப்பாட்டு டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அவள் நன்றி சொல்லிவிட்டுக் கதவு வரைக்கும் போய்விட்டாள்.

"சாப்பாட்டை அங்கேயே கொண்டு வந்துடு" என்றார் மேடம். "ஜன்னல் பக்கத்து பெஞ்சுல மட்டும் உக்காராத. அது என்னோட இடம்."