மாலை போட்ட செவலை

மலைக்கோயிலுக்கு நடந்துபோன சாமிமார் கூட்டத்தோடு செவலை என்ற நாயும் கிளம்பியது. யாரும் அதைக் கூப்பிடவில்லை. நடக்கப் பிடித்திருந்தது, நடந்தது. இரண்டாம் நாள் குருசாமி, "நமக்குத் துணையா வருதே, இதுவும் சாமிதான்" என்று அதன் கழுத்தில் ஒரு துளசிமாலையைப் போட்டுவிட்டார்.

மறுநாள் உச்சிவெயில். பாதம் வெந்து, வயிறு காய்ந்து கிடந்த செவலைக்குச் சாலையோரப் பிரியாணிக் கடை வாசலில் ஓர் எலும்பு கிடைத்தது. வாய் வைப்பதற்குள் ஒரு சாமி தடியால் தட்டிவிட்டார்.

"மாலை போட்டுக்கிட்டு இதைத் தொடலாமா?"

கடைநாய் டைகர் எலும்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "விரதமா அண்ணே?" என்றது.

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாருடா விரதம்? மாலையை நான் கேட்டேனா? என் வயித்தை அவங்க கேட்டாங்களா?" என்று குரைத்தபடி, வேலிமுள்ளில் கழுத்து மாலையை மாட்டி வெடுக்கென்று இழுத்தது. மாலை அறுந்து மணிகள் சிதறின.

டைகர் எலும்பைத் திருப்பித் தள்ளியது. "நல்லதாப் போச்சு. இனி இங்கேயே இருந்துடுண்ணே."

செவலை கடித்து முடித்து, வாயை நக்கிக்கொண்டு, சாமிமார் போன திசையிலேயே நடந்தது.

"இன்னும் எதுக்குண்ணே அவங்க பின்னாடி போறே?"

"அவங்க பின்னாடி யாருடா போறது?" என்று சீறியது செவலை. "நான் மலைக்குப் போறேன்."