பச்சியப்பன் சார் வெட்டிய பன்னிரண்டு வரி

பெங்களூர் ஹெட் ஆபீசிலிருந்து வந்த மூன்று அதிகாரிகளும் உட்கார்ந்ததும் எங்கள் மேனேஜர் பச்சியப்பன் சார் கம்ப்யூட்டரை ஆன் செய்தார்.

திரையில் முதலில் அவர் பெயர் வந்தது. போன மாதம் வரை அந்த இடத்தில் என் பெயர் இருந்தது. வஹிதா.

புரோகிராமை சி மொழியில் எழுதியவள் நான். பாலக்கோடு சுற்றுவட்டாரத்தில் எங்கள் விதைக் கம்பெனிக்காகத் தக்காளி போடும் எண்ணூறு விவசாயிகள் அதில் இருந்தார்கள். செல்லனுக்கு இரண்டு வயல், சின்னக்கண்ணுவுக்கு முப்பது. எல்லோருக்கும் ஒரே அளவு வைத்தால் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு வீண். அதனால் வயல்களுக்கு மெமரியில் தனியே இடம் வாங்கினேன். விவசாயியின் ஸ்ட்ரக்சருக்குள், அதாவது அவருடைய பதிவுக்குள், பெயர், எத்தனை வயல், மெமரியில் அவை கிடக்கும் விலாசம், அவ்வளவுதான்.

டிஸ்க்கில் சேமிக்கும்போது அந்த விலாசத்துக்குப் போய் ஒவ்வொரு வயலாக எடுத்து எழுத வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வரி.

நேற்று சாயங்காலம் அந்தப் பன்னிரண்டையும் சார் வெட்டினார். ஸ்ட்ரக்சரை எழுதினால் எல்லாம் அதோடு போய்விடுமாம், நான் வளவளவென்று எழுதியிருக்கிறேனாம். பழைய ஃபைல் மேலேயே சேமித்து, உடனே லிஸ்டை ஓட்டியும் காட்டினார். மெஷினை அணைக்காததால் வயல்கள் மெமரியிலேயே கிடந்தன, எல்லாம் வந்தன.

அணைத்தால் மெமரியில் இருப்பது அழிந்துவிடும், டிஸ்க்கில் வெறும் விலாசம்தான் மிஞ்சும் என்று எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

இப்போது செல்லன் பெயர் வந்தது. வயல் இரண்டு என்று வந்தது. கீழே வெறும் குப்பை. சின்னக்கண்ணுவுக்கு முப்பது வரி குப்பை. இடித்துவிட்ட வீட்டின் விலாசத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

என் வயிறு குளிர்ந்தது.

எந்த வயலில் எந்த ரகம் என்று தெரியாமல் கம்பெனி விவசாயிகளிடம் ஒரு கிலோ விதைகூட வாங்க முடியாது. மூவரில் பெரியவர், இதை எழுதியது யார் என்று கேட்டார். ஆபீஸே கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

சார் என் பக்கம் கையை நீட்டினார்.

"இந்தப் பொண்ணுதாங்க. மொத்தமும் வஹிதா எழுதினதுங்க. நான் ஒரு வரிகூட எழுதலீங்க."

ஒரு மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன்.

கைப்பையைத் திறந்து ஒரு பிளாப்பியை எடுத்தேன். நேற்று அவர் வெட்டுவதற்கு முன்பே நான் நகலெடுத்தது. எண்ணூறு பேரின் வயல்களும், என் பன்னிரண்டு வரியும் அதில் பத்திரமாக இருந்தன.

டிரைவில் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"கதவுகிட்ட நிக்கறவங்களுக்குக் கேக்கலீங்க சார். இன்னொரு தடவ சொல்லிருங்க."