பத்தாவது பிள்ளை

"தமிழ் படிக்க விட்ட பிள்ளை வீட்டில கிரேக்கத்தில எண்ணுது, ரீச்சர்! போன கிழமை துருக்கியில பாட்டு! இதென்ன பள்ளிக்கூடமோ, சந்தையோ?"

லண்டன் பாமர்ஸ் கிரீன் சனிக்கிழமைப் பள்ளியில், தமிழ் வகுப்பு வாசலில் நின்று கத்தினார் ஞானரட்ணம். மகள் கஜந்தினியின் கை அவர் பிடியில் இருந்தது.

"மெல்லக் கதையுங்கோ அண்ணை," என்றார் ஆசிரியை எமில்டா. "பிள்ளையளை எண்ண இண்டைக்குத்தான் ஆள் வந்திருக்கு."

கட்டடம் ஒரு சைப்பிரஸ் வியாபாரி கொடுத்தது. கிரேக்கரும் துருக்கியரும் கலந்து வாழ்ந்த தன் கிராமத்தில் இரண்டு பேருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் கட்டியவர், லண்டனுக்கு வந்தபின் இதை வாங்கி எழுதிவைத்தார். எந்த மொழிக்கும் அறை இலவசம். ஒரே நிபந்தனை, வகுப்பில் பத்துப் பிள்ளைகள். ஒன்று குறைந்தாலும் அறை போய்விடும்.

"அந்த வியாபாரியின்ர ஊரில ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை குறைஞ்சால் மற்றது குடுக்குமாம்," என்றார் எமில்டா. "இஞ்சயும் அப்பிடித்தான், குறையிற வகுப்பில மற்ற வகுப்புப் பிள்ளையள் வந்து இருக்கும். காலமை கிரேக்கம், பிறகு துருக்கி, பின்னேரம் தமிழ்."

"அதுக்கு என்ர பிள்ளையோ கிடைச்சது? அவை எங்களுக்கு என்ன செய்தவை? நான் கூட்டிக்கொண்டு போறன்."

எண்ண வந்திருந்த, கட்டடத்தை நடத்தும் அறக்கட்டளைப் பெண் குறிப்பேட்டுடன் வந்தாள். காலையிலேயே கிரேக்கம் பத்து, துருக்கி பத்து என்று எழுதியிருந்தாள். தமிழ் வகுப்புக்குள் விரல் நீட்டி எண்ணினாள்.

"ஒன்பது."

எமில்டாவுக்கு முகம் செத்துவிட்டது.

"ஒன்பதோ?" ஞானரட்ணம் திகைத்தார். "லண்டன் முழுக்க எங்கட சனம்தானே!"

"எட்டிப் பாருங்கோ. எங்கட பிள்ளையள் ஆறு பேர்தான். அந்த ரெண்டு பேரும் கிரேக்கம். ஓரத்தில நாக்கைக் கடிச்சுக்கொண்டு 'ழ' எழுதிறவ துருக்கிக்காரர் ஹுசெய்ன்ர பேத்தி, ஆய்சல். உங்கட மூத்தவனை நீங்கள் கணக்கு ட்யூசனுக்கெண்டு நிப்பாட்டின கிழமையில இருந்து வாறா."

ஞானரட்ணத்தின் பிடி தளர்ந்தது. கஜந்தினி ஒரே ஓட்டமாகப் போய் ஆய்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பத்து!"

குறிப்பேட்டில் அந்தப் பெண்ணின் கையெழுத்து விழுந்தது. நடைபாதையில் காத்திருந்த பெற்றோர் மூன்று மொழியில் ஆர்ப்பரித்தார்கள்.

அந்த இரைச்சலுக்கு மேலால், போனில் மூத்த மகனோடு கதைத்த ஞானரட்ணத்தின் குரல் கேட்டது:

"டேய் சயந்தன், அடுத்த சனி ட்யூசன் இல்லை. காலமை கிரேக்கம், பிறகு துருக்கி... என்னது? ஓமடா, தமிழும் இருக்கு!"