இரண்டாவது கம்பு

கம்பு திலீபனின் தலையில் பட்டு இரண்டாக முறிந்தது.

சின்னமனூர் மார்க்கெட் முனையில் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லாரிக்குப் பின்னால் ஓடி ஒளிந்தார்கள். திலீபன் மண்டியிட்டான். தோளில் கிடந்த எதிர்க்கட்சித் துண்டில் ரத்தம் சொட்டியது.

அவனைத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து வாயில் குத்தினேன். அவன் பல் என் விரல் முட்டியைக் கிழித்தது.

சட்டையைப் பிடித்துத் தூக்கியபோது என் காதில் சொன்னான்: "விஷால் பய இன்னும் வரலடா மாப்ள. படமே எடுக்கல. இன்னொருக்கா அடி, இந்தவாட்டி நல்லா விழுறேன்."

அவனும் நானும் ஒரே கட்சி. ஒரே நாளில் உறுப்பினர் அட்டை வாங்கியவர்கள். துண்டு அன்றைக்கு மட்டும் இரவல்.

எங்கள் எம்.பி. செத்து ஐந்து மாதம். ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வைக்க வேண்டும். வைத்தால் தோற்போம். ஊரில் கலவரம் என்று அறிக்கை போனால் தள்ளிப்போகும். அதற்கு ஒரு மண்டை உடைய வேண்டும் என்றார் ஒன்றியச் செயலாளர் விஜயபாண்டி. உடைகிறவனுக்கு அடுத்த தடவை கவுன்சிலர் சீட்டு.

வாழைக்கு முட்டுக் கொடுக்கிற சவுக்குக் கம்புகளில் கறையான் அரித்ததைத் திலீபனே தன் தோட்டத்தில் தேடி எடுத்தான். வெளியே கம்பு, உள்ளே மாவு. பட்டதும் முறியும். தோல்தான் கிழியும். போன தேர்தலிலும் இப்படித்தான் செய்தோம். இரண்டு தையல்.

இந்த முறை ஒரு கம்புதான் கொண்டுவந்திருந்தான்.

விஷாலின் பைக் வந்து நின்றது. உள்ளூர்ச் சேனல்காரன். இறங்கும்போதே கேமராவைத் தூக்கிவிட்டான்.

திலீபன் எழுந்து எதிர்க்கட்சிக்கு வாழ்க போட்டான். சிரிப்பை அடக்கியதில் அவன் கன்னம் துடித்தது.

விஜயபாண்டி லாரிக்குப் பின்னாலிருந்து ஒரு கம்பை நீட்டினார். வாங்கி அடித்தேன்.

கம்பு முறியவில்லை.

சொன்னபடியே நன்றாக விழுந்தான். கால் இரண்டு முறை மண்ணை உதைத்தது. காதிலிருந்து ரத்தம் வந்தது. அது நிற்கவில்லை.

தேர்தல் தள்ளிப்போனது. தள்ளிவைக்கச் சொல்லி எதிர்க்கட்சியும் மனு கொடுத்திருந்தது. அவர்களுக்கும் வேட்பாளர் சிக்கவில்லை. துண்டைப் பார்த்து, செத்தவன் தங்கள் ஆள் என்று சொல்லி அவர்கள் கொடியைப் போர்த்தித்தான் அவனைத் தூக்கிப் போனார்கள். விஜயபாண்டி வாயைத் திறக்கவில்லை. நானும்தான்.

ஜெயிலுக்கு வந்த அவன் மனைவி நதியா ஒன்றுதான் கேட்டாள்.

"தெரியாமத்தான அடிச்சீக, அண்ணே?"

முறிந்துவிடும் என்று நினைத்தேன் என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

அது பச்சைச் சவுக்கு. வாங்கியதுமே கனத்தில் என் கை தாழ்ந்தது.

விஷால் எடுக்க ஆரம்பித்திருந்தான்.