இன்னொருவருக்கும் காற்று

செவ்வாய்க் குடியிருப்பில் பிள்ளை பெற ஒரே நிபந்தனைதான். அந்தக் குழந்தை மூச்சுவிடத் தேவையான செடிகளைப் பெற்றோரே வளர்த்துக் காட்ட வேண்டும். தில்லைக்கரசியும் அவள் கணவன் பரிதியும் ஒற்றை அறை முழுக்க அவரையும் பூசணியும் படரவிட்டு அனுமதி வாங்கியிருந்தார்கள்.

இன்று ஸ்கேன் பார்த்த டாக்டர் ஷெரீபா நிமிர்ந்தார். “ரெட்டைப் பிள்ளைங்கம்மா!”

தில்லைக்கரசிக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வந்தன. “இன்னொண்ணுக்குக் காத்துக்கு எங்க போறது டாக்டர்? வீட்டுல இடமே இல்லையே!”

“கட்டிலைத் தூக்கிட்டுக் கீரை போட்டுடலாம்!” என்று துள்ளினான் பரிதி.

“அப்ப நாம எங்க படுக்கிறது?”

டாக்டர் சிரித்துக்கொண்டே தன் வீட்டுச் சாவியை நீட்டினார். “என் ஹால் சும்மாத்தான் கிடக்கு. கீரைய அங்க போடுங்க. பிள்ளைங்க என்னை அத்தைன்னு கூப்பிடணும், அவ்வளவுதான்.”

தில்லைக்கரசி அவரைக் கட்டிப்பிடித்துச் சுழன்றாள். செவ்வாயின் மெல்லிய ஈர்ப்பில் இருவர் கால்களும் தரையில் பாவவே இல்லை.